புள்ளிக் கணக்கு

ஆறு இருக்கு, தண்ணீர் இல்லை.
கோட்டை இருக்கு, ராஜா இல்லை.
எங்கள் ஊரைப் பற்றி ஊரே சொல்வது.
கையில் காசில்லாமல்
எண்பத்தாறாயிரம் புள்ளி வைத்திருந்தவனையும்
அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாபுராவ் தெரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை.
காட்பாடியில் இறங்கி
ஆட்டோவுக்கு இரட்டிப்பாய்க் கொடுத்து வருகிறவர்கள்
இடுப்புத் துணியை அவிழ்த்து
வியர்வையில் ஒட்டிய நோட்டுகளை எண்ணுவார்கள்.
ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பணம் கட்ட வரிசை நீளம்.
என் கார்டில் தேய்க்கிறேன், பணத்தை எனக்குக் கொடுங்கள் என்பேன்.
ஒரு பைசா கமிஷன் கிடையாது.
கும்பிடுவார்கள்.
தாதா என்பார்கள்.
அவர்கள் பாஷையில் அண்ணன்.
நம் பாஷையிலும் தவறில்லை.

நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி.
நீள நோட்டில் எழுதி வைத்தேன்:
ரோனு மண்டல், சிறுநீரகம், நாலாயிரத்து இருநூறு.
ஜோர்ஹாட் பெண், தைராய்டு, ஆயிரத்து முந்நூற்று அறுபது.
தன்பாத் பையன், முதுகெலும்பு,
மூன்று தவணை, மூன்று வரி.

பதினெட்டாம் தேதிக்குள் வங்கியில் கட்டிவிடுவேன்.
ஒரு மாதம் தவிர.
சாயங்காலம் தருகிறேன் என்றவரின் மனைவி
மூன்று மணிக்கே போய்விட்டாள்.
முப்பத்தெட்டாயிரம்.
எப்படிக் கேட்பது?
ஆம்புலன்ஸுக்குக் கதவு பிடித்துக்கொண்டு நின்றேன்.
அந்த மாதம் குணசீலியின் வளையல் அடகுக்குப் போனது.
எழுநூற்று அறுபது புள்ளி
அதற்கும் வந்தது.

மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி என்று குறுஞ்செய்தி.
நாற்பதாயிரம் புள்ளிக்கு மிக்ஸி காட்டினான்,
லாங் பஜாரில் மூவாயிரத்துக்குக் கிடைக்கிற மிக்ஸி.
புள்ளியை மிக்ஸியாக்கினால் ஒன்றுக்கு எட்டு காசுகூடத் தேறாது,
விமானமாக்கினால் அரை ரூபாய்.
இந்தக் கணக்கை மட்டும்
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குணசீலிக்குப் பனி பார்க்க வேண்டும்.
கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி மாடி வீட்டில்
பதினாறு வருஷம் இருந்தவள்
வேறென்ன கேட்பாள்?
ஸ்ரீநகருக்குப் புள்ளி இருக்கை இல்லை.
சிம்லா பக்கம் இல்லை.
விடிய விடியத் தேடினேன்.
திறந்திருந்தது ஒரே ஊர்.
கல்கத்தா.
'அங்கேயும் வெயில்தானே' என்றாள்.
வரி மட்டும் மூவாயிரத்து நானூறு கட்டினேன்,
இலவசப் பயணத்துக்கு.

அப்துல்லாபுரத்து ஓடுதளத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்தபடி
சென்னை போய் ஏறினோம்.
ஏறியதும் புரிந்தது.
மடியில் மடியாய் எக்ஸ்ரே உறை.
மொட்டைத் தலையில் முக்காடு.
ரயிலில் உட்கார முடியாத உடம்புகளுக்காக
நிலத்தை விற்று வாங்கிய டிக்கெட்டுகள்.
நான்கு வருஷமாய் என் மேஜைக்கு முன்னால் நின்றவர்கள்
என்னைச் சுற்றி
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
யாரையும் எனக்குத் தெரியவில்லை.
எல்லோரையும் தெரிந்தது.

பக்கத்து இருக்கைக்காரி
டப்பாவைத் திறந்து சந்தேஷ் நீட்டினாள்.
அந்த வழித்தடத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதை
அரைகுறை இந்தியில் கேட்டாள்:
யாருக்கு வைத்தியம்?

நான் வாய் திறப்பதற்குள்
குணசீலி என்னைக் காட்டினாள்.
'இவருக்கு.'

அந்த அம்மாள் என் கையைத் தொட்டு
கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.
இனிப்பு தொண்டையில் நின்றது.
வெளியே, குணசீலியின் ஜன்னலில்,
மேகம் பனி மாதிரியே கிடந்தது.
அவள் அதைப் பார்க்கவும் செய்தாள்,
சிரிக்கவும் செய்தாள்.

இறங்கியதும் போன் அதிர்ந்தது.
மீதம்: முப்பத்தேழு புள்ளிகள்.

யாருடையது என்று
ஊருக்குப் போய் நோட்டில் பார்க்க வேண்டும்.